பங்குவணிகரின் மேசைக் கணினி: அசெம்பிள்டா, பிராண்டடா?

பங்குச் சந்தையில் அன்றாடம் வாங்கி விற்போருக்கான மேசைக் கணினியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேகத்தில் தொடங்கி விலையில் முடிகிறது. உதிரிபாகங்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்திக்கொள்ளும் 'அசெம்பிள்டு' கணினியா, நிறுவனமே பொருத்தி முத்திரையிட்டு விற்கும் 'பிராண்டட்' கணினியா என்ற கேள்விக்குச் சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் தரும் விடை ஒன்று. நிறுவனத்தின் விற்பனையாளர் தரும் விடை வேறொன்று. இருவரும் செயலியின் எண்ணையும் நினைவகத்தின் அளவையும் காட்டியே வாதிடுகின்றனர். ஆனால் இந்தியப் பங்குச் சந்தையின் வழக்கமான வணிக நேரம் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரையிலான ஆறேகால் மணிநேரமே என்பதால், அதற்குள் கணினி நின்றுபோனால் எவ்வளவு நேரத்தில் மீண்டும் வேலைக்குத் திரும்பலாம் என்பதுதான் இத்தொழிலில் முதலில் கணக்கிட வேண்டிய அளவு. வேகம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. அதுவும் பலர் எண்ணுகிற இடத்தில் வருவதில்லை.

வணிகர் சுட்டியை அழுத்திய கணத்திலிருந்து ஓர் ஆர்டர் செல்லும் வழியைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, கண்ணாடி இழைக்குள் நுழைந்ததும் அதன் ஒளிவிலகல் தன்மையால் 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது. சென்னைக்கும், சந்தை அமைந்துள்ள மும்பைக்கும் இடையே நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருப்பதால், எந்தத் தடையும் இல்லாமல் சென்றாலும் ஒரு செய்தி போய்ச் சேர 5 மில்லிநொடியும், போய்த் திரும்ப 10 மில்லிநொடியும் ஆகும். மில்லிநொடி என்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. உண்மையில் இழைகள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. இடையிலுள்ள இணைப்புக் கருவிகளும், வணிகரின் கணக்கில் போதிய பணம் உள்ளதா எனச் சரிபார்க்கும் தரகு நிறுவனத்தின் சேவையகமும் சேர்ந்து இந்த நேரத்தைப் பல மடங்காக்குகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்பே, திரையில் கண்ட மாற்றத்துக்கு விரலை அசைக்க மனித நரம்பு மண்டலம் ஏறத்தாழ 200 மில்லிநொடியை எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையோ ஒவ்வொரு காட்சிக்கும் 16.7 மில்லிநொடியை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் நடுவே, ஆர்டரைத் தயாரிக்க வீட்டுக் கணினியின் செயலி செலவிடும் நேரம் கணக்கில் சேர்க்கத் தகாத அளவு சிறியது.

1994இல் திரைவழி வணிகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை, 2009 முதல் வணிக நிறுவனங்கள் தங்கள் சேவையகங்களைச் சந்தையின் தரவு மையத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள இடமளித்து வருகிறது. அங்கே போட்டி மைக்ரோநொடிகளில், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகளில் நடக்கிறது. அந்தப் பந்தயத்தில் வீட்டு மேசையிலிருந்து கலந்துகொள்ள வழியில்லை. எனவே ஆர்டர் விரைவாகப் போகும் என்ற நம்பிக்கையில் விலையுயர்ந்த செயலிக்குச் செலவிடும் பணம், இயற்பியல் விதியைப் பணத்தால் வளைக்கப் பார்ப்பதாகவே முடியும்.

செயலியின் வேலை வேறிடத்தில் இருக்கிறது. சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் பல பங்குகளின் விலை மாற்றங்கள் ஒரே நேரத்தில் வந்து குவிய, சார்ட் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் சராசரிக் கோடுகளையும் பிற குறியீடுகளையும் மீண்டும் கணக்கிட்டு வரைய வேண்டியிருக்கிறது. திரை தயங்குவது அப்போதுதான். இந்த வேலையின் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செய்யப்பட வேண்டியது என்பதால், செயலியில் எத்தனை உட்கருக்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகள், இருக்கின்றன என்பதைவிட ஓர் உட்கரு எவ்வளவு விரைவானது என்பதே இங்கு முக்கியம். ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த விதி இதை எண்ணில் காட்டுகிறது. ஒரு வேலையில் 60 விழுக்காடு வரிசையில் மட்டுமே செய்யக்கூடியது என்றால், 16 உட்கருக்களைக் கொடுத்தாலும் அது 1.6 மடங்குதான் விரைவுபெறும். எண்ணற்ற உட்கருக்களைக் கொடுத்தாலும் 1.67 மடங்கைத் தாண்டாது. பழைய விலைத் தரவுகளில் ஓர் உத்தியை ஓட்டிப் பார்க்கும் 'பேக்டெஸ்ட்' வேலை இதற்கு நேர்மாறானது: ஒவ்வொரு சோதனையும் மற்றதைச் சாராதது என்பதால் வரிசைப் பகுதி 2 விழுக்காடாகச் சுருங்கும்போது, அதே 16 உட்கருக்கள் 12 மடங்குக்கு மேல் விரைவைத் தருகின்றன. பேக்டெஸ்ட் செய்யாத வணிகர் உட்கருக்களுக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

ஓர் உட்கருவின் வேகமோ பணத்தால் அதிகம் கூடுவதில்லை. டிரான்சிஸ்டர்கள் சிறிதாகும்போது அவற்றின் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போகலாம், ஆகவே சில்லின் வெப்பம் கூடாமலே அதன் துடிப்பு வேகத்தைக் கூட்டலாம் என்று ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் 1974இல் காட்டினர். மின்கசிவு காரணமாக மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியாத நிலை 2005ஐ ஒட்டி வந்தபோது அந்தக் கணக்கு முறிந்தது. 2004இல் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸ் துடிப்பை எட்டியிருக்க, அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மேசைக் கணினிச் செயலிகள் 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கின்றன. ஒரு தலைமுறையின் நடுத்தரச் செயலிக்கும் உச்சவிலைச் செயலிக்கும் இடையே தனி உட்கரு வேகத்தில் உள்ள இடைவெளி சிறியதாக இருப்பதற்கும், விலை இடைவெளி பெரியதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அசெம்பிள்டு கணினியிலும் பிராண்டட் கணினியிலும் இருப்பது இன்டெல் அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தின் அதே சில்லு என்பதால், இதுவரை சொன்னவற்றில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு வெப்பத்தில் தொடங்குகிறது. செயலியிலிருந்து வெப்பம் வெளியேறும் அளவு, அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. செயலிகள் 95 அல்லது 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. 22 டிகிரி குளிர்சாதன அறைக்கு ஏற்றவாறு சிறு பெட்டியில் சிறு ஹீட்சிங்க்குடன் வடிவமைக்கப்பட்ட அலுவலகக் கணினியை, சித்திரை மாதத்தில் 35 டிகிரி அறையில் வைத்து மணிக்கணக்கில் பேக்டெஸ்ட் ஓட்டினால், 13 டிகிரி இடைவெளி கைவிட்டுப் போகிறது. பாகங்களைத் தாமே தேர்ந்தெடுப்பவர் பெரிய ஹீட்சிங்க்கையும் காற்றோட்டமுள்ள கேபினெட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். சார்ட் பார்ப்பதோடு நிற்பவருக்கு இது பொருட்டல்ல.

திரைகளின் எண்ணிக்கையைப் பற்றி மிகையான அச்சம் நிலவுகிறது. நான்கு மானிட்டர் வைத்தால் விளையாட்டுக்கான பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பது தவறு. முப்பரிமாணக் காட்சியைக் கணக்கிடுவதற்கும், கோடுகளும் எண்களும் நிறைந்த தட்டையான படத்தைத் திரைக்கு அனுப்புவதற்கும் தேவைப்படும் ஆற்றல் வெவ்வேறு. 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட ஒரு 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் வண்ணத் தகவலை நொடிக்கு 60 முறை அனுப்ப 12 கிகாபிட் அளவு தேவை. இது கடத்தலின் சிக்கலே தவிரக் கணக்கீட்டின் சிக்கல் அன்று. ஆகையால்தான் நல்ல செயலி இருந்தும், பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பில் செருகிய 4கே திரை நொடிக்கு 30 காட்சிகளில் நின்று சுட்டியை இழுத்து இழுத்து நகர்த்துகிறது. இன்டெல் யு.எச்.டி. 770 போன்ற செயலியோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் பகுதி நான்கு திரைகள்வரை தாங்கும். ஆனால் தாய்ப்பலகையில் அத்தனை துளைகள் இருக்க வேண்டும். இல்லாதபோது 30 வாட் மட்டுமே இழுத்து மூன்று திரைகளுக்கு வெளியீடு தரும் என்விடியா டி400 போன்ற சிறு அட்டை போதும்; அது பெரும்பாலான பிராண்டட் பெட்டிகளுக்குள்ளும் அடங்கும்.

பாகங்களை வாங்கிப் பொருத்துவது என்பதே சாத்தியமானது ஒரு வரலாற்று விபத்தால். 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினியைக் குறுகிய காலத்தில் உருவாக்க வேண்டியிருந்ததால், புளோரிடாவிலிருந்த அதன் குழு இன்டெல் 8088 செயலி முதலாக வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களைப் பயன்படுத்தியது. ஐ.பி.எம்.மின் தனிச்சொத்தாக இருந்த தொடக்க நிரலையும் காம்பேக் நிறுவனம் படியெடுக்காமல் தானே மீண்டும் எழுதியபோது, ஒத்த கணினிகளை எவரும் செய்யலாம் என்றாகிவிட்டது. தாய்ப்பலகையின் அளவு, திருகுத் துளைகள், மின்னிணைப்பு ஆகியவற்றை வரையறுத்து இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரமே, வெவ்வேறு நிறுவனங்களின் பலகையும் கேபினெட்டும் ஒன்றோடொன்று பொருந்தும் இன்றைய நிலைக்கு அடிப்படை. டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவர் விடுதி அறையில் 1984இல் மைக்கேல் டெல் தொடங்கிய தொழிலும் இந்தப் பொதுமையிலிருந்து பிறந்ததே. வாடிக்கையாளர் கேட்டபின் பாகங்களைச் சேர்த்துக் கொடுத்த அந்நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை திறந்தது. ரிச்சி தெருக் கடையும் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் ஒரே மரபின் இரு கிளைகள் என்று சொன்னால் தவறாகாது.

ஆயினும் பெருநிறுவனங்கள் அந்தப் பொதுத் தரத்தை மெல்ல விட்டு விலகி வந்திருக்கின்றன. ஏ.டி.எக்ஸ். தரப்படி மின்வழங்கி, அதாவது கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பெட்டி, 12, 5, 3.3 வோல்ட் என்று பல மின்னழுத்தங்களைத் தர வேண்டும். பல பிராண்டட் கணினிகளிலோ அது 12 வோல்ட்டை மட்டும் தருகிறது, மற்றவற்றைத் தாய்ப்பலகையே மாற்றிக்கொள்கிறது. கணினி சும்மா இருக்கும்போது வீணாகும் மின்சாரம் இதனால் குறைகிறது என்பதால் இதை வணிகத் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் இணைப்பு முனையின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், காலை 11 மணிக்கு எஸ்.எம்.பி.எஸ். எரிந்துபோனால் பக்கத்துக் கடையில் கிடைக்கும் எதுவும் பொருந்தாது.

முதலில் சொன்ன அளவு, அதாவது மீண்டும் வேலைக்குத் திரும்ப ஆகும் நேரம், இங்கே வந்து சேர்கிறது. ஒரு பொறி வேலைக்குக் கிடைக்கும் தகவைப் பொறியாளர்கள் இரண்டு எண்களால் கணக்கிடுகின்றனர்: இரண்டு பழுதுகளுக்கு இடையே சராசரியாகக் கடக்கும் காலம், ஒரு பழுதைச் சரிசெய்ய ஆகும் காலம். வாங்குவோர் பெரும்பாலும் முதல் எண்ணையே கேட்கின்றனர். அதில் பிராண்டட் கணினிக்கு உண்மையான மேன்மை உண்டு. ஒரே பாகத்தொகுப்பில் ஆயிரக்கணக்கான கணினிகளைச் செய்யும் நிறுவனத்துக்கு, எந்த நினைவகம் எந்தப் பலகையோடு ஒத்துப்போகாது என்பது விற்பனைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தனியொருவர் பொருத்தும் கணினியோ உலகில் அந்தக் கலவையில் அமைந்த ஒரே சோதனையாக இருக்கக்கூடும். மின்னணுப் பாகங்களின் பழுது விகிதத்தை வரைந்தால், தொடக்கத்தில் உயர்ந்தும், நடுவில் தாழ்ந்து நீண்டும், முதுமையில் மீண்டும் உயர்ந்தும் காணப்படும். தொடக்க உயர்வு என்பது குறையோடு பிறந்த பாகங்கள் முதல் வாரங்களில் விழுந்துபோவதைக் குறிக்கிறது. எனவே தாமே பொருத்துபவர் நினைவகச் சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, இரண்டு வாரமாவது பணம் புழங்காத வேலைக்குப் பயன்படுத்திய பின்னரே அக்கணினியைச் சந்தைக்குக் கொண்டுவருவது தகும். நினைவகத்தைத் தரநிர்ணய வேகத்துக்கு மேல் ஓடவைக்கும் அமைப்பை விளையாட்டுக் கணினிக்கு விட்டுவிடலாம்.

பெரிய பெயர் இருந்தாலும் குறை வராது என்பதில்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் கேட்கப்பட்டு அவை நாளடைவில் நிலைகுலைந்ததை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, திருத்த நிரலை வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அச்செயலிகள் இரு வகைக் கணினிகளிலும் இருந்தன.

இரண்டாம் எண்ணில்தான் நிலைமை தலைகீழாகிறது. நிறுவனங்கள் தம் அலுவலகக் கணினிகளுக்குத் தரும் சேவைகளில் சிறந்தவற்றுள் ஒன்று, 'அடுத்த வேலைநாளில்' பணியாளரை வீட்டுக்கே அனுப்புவது. அலுவலகத்துக்கு அது விரைவான சேவை. பங்குவணிகருக்கோ அது ஒரு முழுச் சந்தை நாளின் இழப்பு, வெள்ளிக்கிழமை காலையில் பழுதானால் திங்கள்கிழமையில் ஒரு பகுதியும் சேர்ந்து போகும். மேலும் அது மேசைக் கணினி வரிசைகள் எல்லாவற்றுக்கும் கிடைப்பதுமில்லை. அசெம்பிள்டு கணினியில் உத்தரவாதம் பாகத்துக்குப் பாகம் தனித்தனி. எந்தப் பாகம் பழுது என்பதைக் கண்டறியும் பொறுப்பு உரிமையாளருடையது. மாற்றுப் பாகம் வரப் பல நாட்கள் ஆகலாம். ஆனால் ஓர் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும், எல்லா அமைப்புகளோடும் படியெடுத்து வைத்த ஓர் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தையும் அலமாரியில் வைத்திருப்பவர், திருப்புளி பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால், அவ்விரண்டில் எது போனாலும் அரைமணி நேரத்தில் மாற்றிவிடுவார். திருப்புளி பிடிக்கத் தெரியாதவருக்கு அசெம்பிள்டு கணினியின் இந்த மேன்மை இல்லை. கடைக்காரரின் தொலைபேசி எண்தான் அவருடைய உத்தரவாதம். இந்த ஒரு வேறுபாட்டை மறைத்துவிட்டுச் செய்யப்படும் ஒப்பீடுகள் பெரும்பாலும் விற்பனைப் பேச்சாகவே இருக்கின்றன.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் பழுதைப் பற்றிப் பேச முடியாது. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஒரு சுற்று 20 மில்லிநொடி. மின்சாரம் அறுந்தபின், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் மின்தேக்கியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் கணினியைத் தாங்கும் நேரம், தரமான பெட்டியில் முழு ஏற்றத்தில் 16 மில்லிநொடி அளவு. யூ.பி.எஸ். சில மில்லிநொடிகளில் மின்கலத்துக்கு மாறிவிடுவதால் கணினி அதை உணர்வதில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள இன்வெர்ட்டர்களோ விசிறியையும் விளக்கையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் சாதாரண நிலையில் மாறும் நேரம் இந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும், ஆகவேதான் பலவற்றின் பின்புறத்தில் 'யூ.பி.எஸ். நிலை' என்ற தனிப் பொத்தான் இருக்கிறது. கேபினெட்டோடு சேர்த்து மலிவாகத் தரப்படும் எஸ்.எம்.பி.எஸ்.களில் மின்தேக்கி சிறியது, மேலே அச்சிட்ட வாட் அளவும் நம்பத்தகாதது. அசெம்பிள்டு கணினிக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு இந்தப் பெட்டிகளால் வந்தது. சிறிய யூ.பி.எஸ்.ஸில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பெயரளவில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. விரைவாக இழுக்கும்போது அது முழுவதும் கிடைப்பதில்லை என்பதால், திரைகளோடு சேர்த்து 150 வாட் இழுக்கும் கணினியைக் கால்மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்க்கலாகாது. அதே யூ.பி.எஸ்.ஸில் இணையப் பெட்டியையும் செருக வேண்டும் என்பதைப் பலர் மின்வெட்டு வந்தபின்பே நினைக்கின்றனர்.

விலையில் எது மலிவு என்பதற்கு நிலையான விடை கிடையாது. 2020, 2021 ஆண்டுகளில் மெய்நிகர் நாணயம் தோண்டுவோர் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிச் சென்றபோதும், 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவக விலை ஏறியபோதும், முன்னரே ஒப்பந்தம் செய்து பாகங்களை வாங்கும் நிறுவனங்களின் கணினி உதிரிபாகக் கூட்டுத்தொகையைவிட மலிவாக இருக்க இடமுண்டு. பிராண்டட் விலையில் விண்டோஸ் உரிமமும் அடங்கும் என்பதையும், அந்த உரிமம் அத்தாய்ப்பலகையோடு கட்டுண்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெருநிறுவனங்கள் கழித்துவிடும் அலுவலகக் கணினிகள் மூன்றாவதொரு வழி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்காத, இன்டெல் வகையில் 8ஆம் தலைமுறைக்கு முற்பட்டவற்றைத் தவிர்க்க வேண்டும். அந்தத் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டவையும் சார்ட் வேலைக்குப் போதுமானவை.

அத்தகைய கணினி ஒன்றை இரண்டாவதாக வைத்திருப்பது, முதல் கணினியில் செய்யும் எந்த உயர்வையும்விடப் பயன் தருவது. ஒரு நாளில் ஒரு கணினி பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டும் ஒரே நாளில் பழுதாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஆனால் இந்தப் பெருக்கல் இரண்டும் ஒன்றையொன்று சாராதபோது மட்டுமே செல்லும். ஒரே மின்பலகையிலும் ஒரே இணைய இணைப்பிலும் தொங்கும் இரு கணினிகள் மின்னல் விழும்போது ஒன்றாகவே விழும். ஆகவே இரண்டாவதை வேறு யூ.பி.எஸ்.ஸிலும், கைபேசி வழி இணையத்திலும் இயக்கிப் பழகியிருக்க வேண்டும். வணிகரின் கையில் இல்லாத பழுதுகளும் உண்டு: 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் தேசியப் பங்குச் சந்தையே காலை 11.40க்கு நின்று, பிற்பகல் 3.45க்குத்தான் மீண்டும் திறந்தது. கணினி மட்டும் நிற்கும்போதோ, ஆர்டர் எங்கே பதிந்திருக்கிறது என்பதே முக்கியம். சந்தையின் சேவையகத்தில் பதிந்துவிட்ட ஸ்டாப்லாஸ் ஆர்டர், அதாவது குறித்த விலையில் இழப்பை நிறுத்தும் ஆர்டர், வணிகரின் கணினி அணைந்தாலும் உயிரோடிருக்கும். வணிகரின் கணினியிலேயே விலையைக் கவனித்து ஆர்டர் அனுப்பும் நிரலோ கணினியோடு சேர்ந்து நின்றுவிடும்.

தாமே எழுதிய நிரலால் வணிகம் செய்வோருக்கு இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தரகு நிறுவனத்தின் நிரலிணைப்பு (ஏ.பி.ஐ.) வழியாக ஆர்டர் அனுப்புவோர் முன்கூட்டியே பதிவுசெய்த, மாறாத இணைய முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும். வீட்டு இணைப்பு அறுந்து கைபேசி இணையத்துக்கு மாறினால் முகவரி வேறாகிவிடும்; இரண்டாவது கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் ஆர்டர்கள் ஏற்கப்படமாட்டா. இவ்வகை வணிகர் மாற்று முகவரி ஒன்றைப் பதிந்துகொள்ளத் தரகு நிறுவனம் இடம் தருகிறதா என்பதைக் கேட்டறிந்தபின்பே இரண்டாவது கணினியை வாங்குவது நல்லது. இல்லையெனில், திறந்திருக்கும் வணிகங்களைக் கைபேசி ஆப் வழியாக மூடும் முறையை முன்னரே எழுதி மேசையருகே ஒட்டி வைத்திருக்க வேண்டியிருக்கும்.